கங்கம்மாள் ஓட்டப்பந்தயம் பார்க்கப் போனது

கங்கம்மாளுக்கு ஓட்டப்பந்தயத்தில் எந்த ஆசையும் கிடையாது. அவளுக்கு இருந்த ஒரே ஆசை, மகன் லோகநாதன் தண்ணீரை விட்டுக் கரையேறி, மாதச் சம்பளம் வாங்கும் வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான். அதற்கு அவன் மெட்ராசில் வட்டமாக ஓட வேண்டும் என்று சொன்னார்கள். சரி, ஓடட்டும் என்றாள். தலைகீழாக நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் சரியென்றுதான் சொல்லியிருப்பாள்.

என் பெயர் கோபால். எழுபதுகளில் பொன்னேரி ஸ்டேஷனுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தேன். கங்கம்மாள் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் மீன் கூடையோடு வந்து, என் கடை வாசலில்தான் கூடையை இறக்கிச் சும்மாட்டுத் துணியை உதறுவாள். வாசலெல்லாம் மீன் தண்ணீர் சொட்டுகிறது என்று நான் தினமும் சொல்வேன். "மீன்ல தண்ணி வராம இன்னா, பாலா வரும்?" என்று அவளும் தினமும் சொல்வாள். இப்படித்தான் பழக்கமானோம். மார்க்கெட்டில் அவள் குரல் எழும்பினால், ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர் எண்ணிக்கொண்டிருந்த சில்லறையை மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்.

அவள் கணவன் ஒரு கார்த்திகை மாதக் காற்றில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில், படகு கவிழ்ந்து போனவன். லோகநாதன் அப்போது தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை. அந்தப் பிள்ளை வளர்ந்து அதே ஏரியில் வலை இறக்கத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு கார்த்திகையிலும் கங்கம்மாள் பாதியாக இளைத்துவிடுவாள். தை பிறந்தால் மெல்லத் தேறுவாள். மகன் கரைக்கு வந்து சேர்ந்தான் என்று ஆள் வந்து சொல்லும்வரை வாயில் பச்சைத் தண்ணீர் படாது. சொல்ல ஆள் வராத நாட்களில் என் கடை வாசலில் உட்கார்ந்து பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது மட்டும் மீன் தண்ணீரைப் பற்றி நான் பேச மாட்டேன்.

லோகநாதன் ஓடப் பழகியது சேற்றில். கோடையில் ஏரி வற்றினால் படகு தரை தட்டும். பிடித்த இறாலைத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் ஓடித்தான் ஐஸ் வண்டியைப் பிடிக்க வேண்டும். பிந்தினால் இறால் நாறும். அப்படி ஓடியவனை ஒருநாள் கெட்டித் தரையில் ஓடவிட்டுப் பார்த்தார் யேசுதாஸ் என்கிற டிரில் மாஸ்டர். பார்த்துவிட்டு நேராகக் கங்கம்மாளிடம் வந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு இரும்புக் கம்பெனியில் ஓட்டக்காரர்களுக்கு வேலை தருகிறார்கள், மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் வேலை நிச்சயம் என்றார். "நாலாவதா வந்தா?" என்று கங்கம்மாள் கேட்டாள். "நாலாவதா வந்தா கை தட்டுவாங்க," என்றார் மாஸ்டர்.

இந்த இடத்தில் பாடு என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்ததைக் கேட்டு நான் புளுகுவதாக நினைப்பீர்கள். ஏரியில் மீன் கூடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எந்த இடத்தில் எந்த வீட்டுக்காரர் என்றைக்கு வலை கட்டுவது என்பதை ஊர் கூடி, அம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அப்படி ஒரு வீட்டுக்கு விழுகிற முறைதான் பாடு. அடுத்தவனுக்கு விழுந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது. தன் இடத்தில் ஒரு பொடி மீன் இல்லை, பக்கத்து இடத்தில் மடவை துள்ளித் துள்ளிப் படகிலேயே வந்து விழுகிறது என்றாலும், கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவனை அந்த ஊர் மன்னித்திருக்கிறது. பெண்டாட்டியை அடித்தவனையும் மன்னித்திருக்கிறது, அது தப்பு என்பது என் எண்ணம். பாடு தாண்டியவனை மன்னித்ததாக எனக்குத் தெரிந்து இல்லை.

சீட்டுப் போடும் பொறுப்பு துலுக்காணத்துடையது. கங்கம்மாளின் கணவனுக்குக் கூடப்பிறந்த அண்ணன். நேர்மையான மனிதர். அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது கஷ்டம், அவ்வளவு நேர்மை.

மெட்ராசில் முதல் நாள் நடந்தது தகுதிப் போட்டி. லோகநாதனும் யேசுதாஸ் மாஸ்டரும் மட்டும் போனார்கள். இரண்டு சுற்று ஓட்டம், எண்ணூறு மீட்டர். அவனுக்கு ஓரமாக உள்கோடு கிடைத்தது, ஓடி இரண்டாவதாக வந்து இறுதிப் போட்டிக்குத் தேறிவிட்டான். ஆனால் பையன் முகம் சரியில்லையாம். ஏன் என்று கேட்டதற்கு, "அத்தினி பேரும் என் கோட்டுக்குள்ள வந்துட்டானுங்க சார், நீங்க ஒண்ணுமே கேக்கல," என்றானாம். மாஸ்டர் சிரித்துவிட்டு, முதல் வளைவு வரைக்கும்தான் அவரவர் கோடு, கொடி நட்டிருக்கிற இடம் தாண்டினால் எல்லாரும் உள்ளே வரலாம், அதுதான் சட்டம் என்று விளக்கியிருக்கிறார். "சரி சார்" என்றானாம். அந்த ஊர்க்காரர்கள் சரி என்று சொன்னால், நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். மாஸ்டருக்கு அது தெரியவில்லை.

மறுநாள் இறுதிப் போட்டிக்குக் குப்பமே கிளம்பியது. கங்கம்மாள், துலுக்காணம், அவர் மனைவி பூவம்மாள், இன்னும் ஏழெட்டு சொந்தக்காரர்கள். மெட்ராஸ் தெரிந்தவன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கடையை மூட வேண்டியிருந்தது. பேஜாரு பிடித்த வேலை என்று முனகிக்கொண்டேதான் போனேன், உள்ளுக்குள் ஆசையாகத்தான் இருந்தது. சோறும் கருவாட்டுத் தொக்கும் கட்டி எடுத்துக்கொண்டு ரயிலேறினோம். அன்றைக்கு அந்தப் பெட்டியில் எங்களுக்கு உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது. பெரியமேட்டு ஸ்டேடியத்திலும் அப்படியே. நாங்கள் உட்கார்ந்த வரிசையிலும் அதற்கு முன்வரிசையிலும் வேறு யாரும் உட்காரவில்லை.

லோகநாதனின் ஓட்டம் சாயங்காலம்தான். அதுவரை மற்றதையெல்லாம் பார்த்துத் தொலைக்க வேண்டியிருந்தது. ஒருவன் நீளக் கழியை ஊன்றி உயரத் தாண்டினான். "படகு தள்ற கோல் கணக்கா எவ்ளோ நல்ல கோலு, அத்த இட்னு வந்து குதிச்சிக்கினு கீறான்," என்று துலுக்காணம் வருத்தப்பட்டார். இன்னொருவன் இரும்புக் குண்டை எறிந்தான். யாரோ ஓடிப் போய் எடுத்து வந்து அவனிடமே கொடுத்தார்கள், மறுபடி எறிந்தான். வேண்டாம் என்று எறிந்ததை எதற்குத் திருப்பித் தருகிறார்கள் என்று பூவம்மாள் கேட்டாள். பிறகு கட்டையைத் தாண்டித் தண்ணீர்க் குழியில் விழுந்து எழுந்து ஓடுகிற பந்தயம் ஒன்று. எல்லாரும் சிரித்தார்கள். கங்கம்மாள் சிரிக்கவில்லை. "இவ்ளோ தரை கீது, தண்ணியிலதான் போய் விழணுமா? இவன் அம்மா பாத்துக்கினு கீறாளா?" என்றாள்.

நடுவில் யேசுதாஸ் மாஸ்டர் வந்து, லோகநாதனுக்கு எட்டாவது கோடு, எல்லாவற்றுக்கும் வெளியே உள்ளது என்றார். யார் கொடுத்தது என்று துலுக்காணம் கேட்டார்.

"சீட்டுப் போட்டுத்தான் கொடுத்தாங்க," என்றார் மாஸ்டர்.

துலுக்காணத்தின் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். "சீட்டுப் போட்டாங்களா? அப்போ அது பாடு," என்றார். எங்கள் வரிசை முழுக்கத் தலையாட்டியது. மெட்ராஸ்காரர்கள் ஏதோ கூத்தடிக்கிறார்கள் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, இப்போதுதான் இது ஒழுங்கான மனிதர்கள் நடத்துகிற காரியம் என்று நம்பிக்கை வந்தது. மாஸ்டருக்கு எதுவும் புரியவில்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எட்டு பேரும் வந்து நின்றார்கள். வெளிக்கோட்டுக்காரன் வளைவில் அதிக தூரம் ஓட வேண்டும் என்பதால் அவனைக் கொஞ்சம் முன்னால் நிறுத்துவது வழக்கம். லோகநாதன் எல்லாருக்கும் முன்னால் நின்றான். அவனுக்கு நல்ல இடம் விழுந்திருக்கிறது என்று பூவம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கங்கம்மாள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

துப்பாக்கி வெடித்தது. முதல் வளைவில் பையன் பிரமாதமாக ஓடினான். கொடி நட்ட இடம் வந்தது. மற்ற ஏழு பேரும் கப்பென்று உள்ளே சாய்ந்து ஒரே கும்பலாகப் போனார்கள். லோகநாதன் மட்டும் எட்டாவது கோட்டிலேயே போய்க்கொண்டிருந்தான். சுண்ணாம்புக் கோட்டின் மேல் கால் படாமல், பார்த்துப் பார்த்து. உள்ளே ஒரு கும்பல், வெளியே தன்னந்தனியாக இவன். ஒரு சுற்று முடிகிறவரை அப்படியே. அடுத்த வளைவில் அவனை முன்னால் நிறுத்தி ஈடு கட்ட யாரும் இல்லை, வளைவுக்கு வளைவு கூடுதல் தூரத்தைத் தன் காலாலேயே ஓடிக்கொண்டிருந்தான். ஸ்டேடியம் சிரித்தது. மைக்கில் பேசியவரும் சிரித்தார்.

துலுக்காணம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா. எட்டு பேர்ல ஒருத்தன்தான் ஒழுங்கா ஓடறான். மத்தவன்லாம் திருட்டுப் பசங்க."

கங்கம்மாள் என் பக்கம் திரும்பினாள். "இன்னா கோபாலு, சிரிக்கிறாங்க."

"வெளியவே ஓடறான் அக்கா. அவங்களைவிட எவ்வளவோ தூரம் அதிகம் ஓட வேண்டியிருக்கும்."

"உள்ள போனா தப்பா?"

"தப்பில்ல. போகலாம்னுதான் சட்டம். மாஸ்டரே சொன்னாரே."

"பின்ன ஏன் போகல?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா அக்கா?" என்றேன். எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். மார்க்கெட்டையே கிடுகிடுக்க வைக்கும் கங்கம்மாள், துலுக்காணம் இருக்கிற இடத்தில் பேச மாட்டாள். கணவனுக்கு அண்ணன். அவர் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். அவர் காதில் படும்படி அவள் ஒரு வார்த்தை உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு எழுந்தாள். படிகளில் இறங்கிக் கம்பி வேலி ஓரம் போய் நின்றாள். லோகநாதன் இரண்டாவது சுற்றில் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தான். நாலு பேர் அவனுக்கு முன்னால் இருந்தார்கள்.

"லோகு, உள்ள போடா."

ஸ்டேடியத்தில் சிரிப்பு நின்றது. மைக்கில் பேசியவரும் நிறுத்தினார் என்றுதான் ஞாபகம்.

"கங்கா, வாய மூடு," என்றார் துலுக்காணம். "அடுத்தவன் பாடு அது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "உள்ள போடா, நைனா. அது தண்ணி இல்லடா, தரைடா," என்றாள். இப்போது குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

லோகநாதனின் தோள் ஒரு தரம் தடுமாறியது. பிறகு ஏழு கோட்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு உள்ளே போனான். தலையைக் குனிந்துகொண்டு போனான், தப்பு செய்கிறவன் மாதிரி. ஆனால் வேகம் மட்டும் நியாயமான வேகம். கடைசி வளைவில் ஒருவனைத் தாண்டினான். எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்தில் இன்னொருவனைத் தாண்டினான், தாண்டினானா என்று நடுவர்களே கூடிப் பேசித்தான் முடிவு செய்தார்கள். மூன்றாவது இடம் லோகநாதன், திருவள்ளூர்ப் பக்கம் என்று மைக்கில் சொன்னார்கள். எந்த ஊர் என்று சொன்னால் என்ன, வேலை கிடைத்தது.

கங்கம்மாள் வேலிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூவம்மாள் ஓடிப் போய்த் தண்ணீர் கொடுத்தாள். மாஸ்டர் பையனைத் தூக்கிக்கொள்ள வந்தார். பையன் அவரை விலக்கிவிட்டு, கூட ஓடின ஒவ்வொருவனிடமும் போய்க் கை கூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர்களில் ஒருவன் பயந்து நகர்ந்து போனான்.

திரும்பும் ரயிலில் துலுக்காணம் அடுத்த பெட்டியில் ஏறினார். நான்தான் கங்கம்மாளுக்குச் சட்டம் சொல்லிக் கெடுத்தேன் என்பது அவர் கட்சி. அதற்குப் பிறகு என் கடைக்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்ததே இல்லை. அவரிடம் சைக்கிள் கிடையாது என்பது வேறு விஷயம்.

அடுத்த வாரமே ஊர் கூடியது. மெட்ராஸ் ஸ்டேடியத்தில் உள்ள கோடு பாடு ஆகுமா ஆகாதா என்று காலையில் பேச ஆரம்பித்தவர்கள், வெயில் ஏறியும் பேசிக்கொண்டிருந்தார்கள். சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சீட்டுப் போட்டார்களா? போட்டார்கள். கோடு இருந்ததா? இருந்தது. தாண்டினானா? தாண்டினான், ஆனால் சட்டப்படி என்று ஆரம்பித்தேன். "சட்டம் கேக்கல," என்று உட்கார வைத்துவிட்டார்கள். பெண்கள் தள்ளி, பூவரச மரத்தடியில் நின்றார்கள். அங்கே அவர்கள் பேசக் கூடாது. கங்கம்மாள் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துலுக்காணம் தீர்ப்பைச் சொன்னார். ஊரே பார்க்க ஒரு இடத்தில் பாடு தாண்டினவன் ஏரியிலும் தாண்டுவான் என்று நாலு பேர் பேசுவார்கள். அதனால் லோகநாதன் அந்த மூன்றாவது இடம் தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அம்மன் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு இனிமேல் பாடு கிடையாது.

"இன்னா சொல்ற?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. விழுந்து கும்பிட்டுவிட மாட்டானா என்று அவருக்கு இருந்தது. பார்த்தாலே தெரிந்தது.

"அம்மா சொன்னாங்க, போனேன், பெரிய நைனா," என்றான் லோகநாதன். "மறுபடி சொன்னாங்கன்னாலும் போவேன்."

"அப்போ ஊட்டுப் பேர எடுத்துடுவோம்."

"எடுத்துடுங்க."

கங்கம்மாளுக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. நானும் அவளும் பஸ்ஸுக்கு நடந்தபோது, "நல்லதாப் போச்சு கோபாலு. பேரு இருந்தா ஏரி என்னிக்காவது கூப்டும். இனிமே கூப்டாது," என்றாள். எனக்கு டீயும் பொறையும் வாங்கிக் கொடுத்தாள். அது வரலாறு காணாத சம்பவம்.

லோகநாதன் கம்பெனியில் சேர்ந்தான். காக்கி உடுப்பு கொடுத்தார்கள். பொன்னேரியில் அறை எடுத்துத் தங்கி, தினமும் கும்மிடிப்பூண்டி வண்டியில் போய் வந்தான். அந்தக் கார்த்திகையில் நல்ல காற்று. ஓலைக் கூரைகள் பறந்தன. கங்கம்மாள் என் கடை வாசலில் கூடையை வைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் நாஷ்டா வாங்கி வந்து, இட்லியைக் குழம்பில் முக்கி நிதானமாகச் சாப்பிட்டாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் டியூபைத் தப்பான இடத்தில் ஒட்டிவிட்டேன். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

தை மாதத்தில் சீட்டுப் போடும் நாள் வந்தது. உறவுக்காரர் ஒருவர் கல்யாணத்துக்கு இறால் சொல்லி வைக்க அன்றைக்குக் குப்பத்துக்குப் போயிருந்தேன். கங்கம்மாளும் பூவம்மாளோடு கோயில் பக்கம் வந்து நின்றாள். பாடு இல்லாத வீட்டுக்கு அங்கே வேலை இல்லை. வந்து நின்றாள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சீட்டு எடுப்பதற்கு முன்னால், வீட்டு வரிசைப்படி ஒவ்வொரு வீட்டின் பெயரையும் துலுக்காணம் வாய்விட்டுச் சொல்லி, அந்தச் சீட்டைப் பானைக்குள் போடுவார். வீட்டின் பெயர் என்பது பாடு முதலில் யாருக்கு எழுதப்பட்டதோ அவர் பெயர். அவர் செத்தாலும் மாறாது. லோகநாதன் வலை கட்டிய வருஷங்களிலும் சொல்லப்பட்டது அவன் அப்பா பெயர்தான். கங்கம்மாள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டாள். அவர்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் கணவன் பெயரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் ஆபீசில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள். ஊரிலும் செத்தவன் பெயரைக் காரணமில்லாமல் யார் சொல்லப் போகிறார்கள். ஆக, வருஷத்தில் ஒரே ஒரு நாள், அவன் அண்ணன் வாயால், அந்தப் பெயர் அவள் காதில் விழும். இது எனக்கு அன்றைக்குத்தான், பூவம்மாள் சொல்லித் தெரியும்.

"துளசிராமன்," என்றார் துலுக்காணம். சீட்டைப் போட்டார். "முனிகிருஷ்ணன்." போட்டார். அடுத்ததற்கு வாயைத் திறந்தவர் நிறுத்திக்கொண்டார். இத்தனை வருஷப் பழக்கம், நாக்கு நுனியில் தம்பி பெயர் வந்து நின்றிருக்க வேண்டும்.

"ஆதிநாராயணன்," என்றாள் கங்கம்மாள்.

மார்க்கெட்டுக் குரல் இல்லை. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரல். ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. யாரும் அதட்டவில்லை. பூவம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.

துலுக்காணம் தலை நிமிரவில்லை. வெறும் கையைப் பானைக்குள் விட்டு எடுத்தார். பிறகு, "குப்புராஜ்," என்றார்.